முதல் பக்கத்துப் பெயர்

எங்கள் நிறுவனத்தில் அதிகம் எழுதிக் குவித்த விஞ்ஞானி யார் என்று 2005-ஆம் வருஷம் யார் தேடியிருந்தாலும் ஒரே பதில்தான் கிடைத்திருக்கும்: ஜே. ஜோசஃபின். நிலத்தடி நீர், மண் அரிப்பு, மழை அளவு, சாக்கடை நீர், ஏரிக்கரைகளின் பலம் என்று அவர் கை வைக்காத துறையே இல்லை. இத்தனைக்கும் அவரோடு சேர்ந்து எழுதியவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் எஃப். ஓ. யூ. ஒன்லி. அவர் எந்த நாட்டுக்காரர் என்று எங்கள் டைரக்டரே கொஞ்ச நேரம் யோசித்தாராம்.

ஜோசஃபின் எங்கள் டைப்பிஸ்ட். ஒன்லி என்பவர், அறிக்கைகளின் மேல் மூலையில் குத்தியிருந்த 'ஃபார் அஃபிஷியல் யூஸ் ஒன்லி' என்ற ரப்பர் ஸ்டாம்ப்.

நான் அங்கே நூலகத்தில் வேலை பார்த்தேன். என் பெயர் ஸ்ரீலக்ஷ்மி. பெங்களூருக்கு எப்போதோ வந்து ஒட்டிக்கொண்ட குடும்பம். எங்கள் வீட்டில் ஒரு வாக்கியம் தமிழில் ஆரம்பித்தால் கன்னடத்தில் போய் முடியும். ஜோசஃபின் அக்கா பிரேசர் டவுன்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மத்தியானச் சாப்பாடு எங்கள் இருவருக்கும் நூலகத்தின் பின்னறையில்தான். அவர் டப்பாவில் இருக்கும் மீன் குழம்பு வாசனை பத்திரிகைகளில் ஏறிவிடும் என்று நான் சண்டை போடுவேன். "ஏறட்டும், அப்பவாவது யாராச்சும் வந்து தொறந்து பாப்பாங்க" என்பார்.

அவர் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, எழுபத்தொன்பதில் வேலைக்கு வந்துவிட்டார். தங்கை யூனிஸைப் படிக்கவைத்தது அந்தச் சம்பளம்தான். யூனிஸ் டீச்சரானாள். கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை வீட்டார், "அக்கா என்ன பண்றாங்க?" என்று கேட்டார்களாம். "ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்ல இருக்கா" என்று சொல்லி, அதோடு நிறுத்திக்கொண்டாளாம் யூனிஸ். அக்கா இதை எப்போதும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சிரிக்காமல் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதனால்தான் அது அவருக்கு எவ்வளவு வலித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அக்காவின் பெயர் அறிக்கைகளில் ஏறியதற்குக் காரணம் சீனிவாசராகவன் என்ற பழைய பிரிவுத் தலைவர். தலைமைச் செயலகத்தில் கோப்பு தள்ளிவிட்டு எங்களிடம் வந்தவர். அவரைப் பொறுத்தவரை ஆராய்ச்சி அறிக்கையும் ஓர் ஆபீஸ் குறிப்புதான். மேலே தலைப்பு, நடுவில் விஷயம், கடைசிப் பக்கத்தில் எழுதியவர் கையெழுத்து, அதன் கீழே பெயரும் பதவியும். சர்க்கார் ஆபீஸில் குப்பை கொட்டிய யாருக்கும் இது விநோதமாகத் தெரியாது. முதல் பக்கத்தில், தலைப்புக்கு நேர் கீழே, ஒரே ஒரு பெயர்தான் வரலாம் என்று உத்தரவு போட்டார். அது டைப் அடித்தவர் பெயர். தப்பு இருந்தால் யாரைக் கூப்பிட்டுத் திட்டுவது என்று புரட்டிப் பார்க்காமலே தெரிய வேண்டுமாம். மனுஷர் ரிட்டயர் ஆகிப் போனபிறகும் அந்த வழக்கம் போகவில்லை. எங்கள் இடத்தில் எந்த வழக்கமும் போகாது.

தொண்ணூற்றொன்றில் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஏ.சி. போட்ட அறை, செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். விஞ்ஞானிகள் எல்லாரும் அதைத் தொடப் பயந்து எட்டி நின்றார்கள். அக்கா வெறுங்காலோடு, தோளில் ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு வந்த அத்தனை அறிக்கையும் அவர் கை வழியாகத்தான் போயிற்று. தலைப்புக்குக் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில், ஜே. ஜோசஃபின்.

சந்திரன் தன் குறிப்புகளோடு வந்தது அந்த அறைக்குத்தான். எங்கள் நிறுவனத்திலேயே பல வருஷமாக இருந்த, டிப்ளமோ படித்த டெக்னிகல் அசிஸ்டென்ட். வீடு அத்திபெலேயில். ஆனேக்கல் தாலுகா முழுக்க, கையில் அளவு டேப்பும் தோளில் ஒரு பையுமாக, போர்வெல் போர்வெல்லாகப் போய் நீர்மட்டம் அளந்தார். யாரும் அவரை அளக்கச் சொல்லவில்லை. ஓசூர் பஸ்ஸில் தினமும் வரும்போது ஜன்னல் வழியாகப் புதிது புதிதாகப் போர் போடும் லாரிகளைப் பார்த்தாராம், இப்போதே கணக்கெடுத்து வைக்கவில்லை என்றால் பின்னால் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று தோன்றியதாம். அவர் கையெழுத்தைப் பார்த்தால் மருந்துச் சீட்டு எழுதும் டாக்டர்கூட ஆறுதல் அடைவார். அதை வைத்துக்கொண்டு அக்கா அட்டவணை போடுவார். சந்திரன் மறுபடியும் அளந்துவிட்டு வந்து பாதியை மாற்றுவார்.

"சந்திரன், கெணறு எடம் மாறுதா, இல்ல நீங்க மாத்தறீங்களா?"

"தண்ணி எறங்கிட்டே போகுது மேடம். நான் என்ன பண்ணட்டும்?"

அக்கா முணுமுணுத்துக்கொண்டே மறுபடி அடிப்பார். தொண்ணூற்று மூன்றில் அறிக்கை முடிந்தது. வழக்கப்படி கடைசிப் பக்கத்தில் சந்திரன் கையெழுத்துப் போட்டார். பத்து வருஷம் அது என் அலமாரியில் தூங்கியது.

பிறகு ஊர் ஓசூர் ரோடு வழியாக வெளியே வழிந்து ஓடியது. கம்பெனிகள், அபார்ட்மென்ட்கள், எங்கே பார்த்தாலும் தண்ணீர் லாரி. முன்பெல்லாம் அங்கே எத்தனை அடியில் தண்ணீர் இருந்தது என்று உலகமே கேட்க ஆரம்பித்தபோது, பதில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. நிறுவனம் எல்லாப் பழைய அறிக்கைகளையும் ஸ்கேன் செய்து வலைத்தளத்தில் போட்டிருந்தது. சந்திரனின் அறிக்கையை யார் யாரோ எடுத்தாண்டார்கள். டில்லியில், சென்னையில், பெயர் வாயில் நுழையாத ஊர்களில்.

அந்தச் சமயத்தில்தான், எந்தக் கட்டுரையை யார் எழுதினார், அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று தானாகவே கணக்குப் போடும் ஒரு தேடல் சேவை வந்தது. மனிதர் யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. எந்திரம் முதல் பக்கத்தைப் பார்க்கும். தலைப்புக்குக் கீழே ஒரு பெயர் இருந்தால் அதுதான் ஆசிரியர். கடைசிப் பக்கத்தில் போய்க் கையெழுத்துப் போடும் ஜாதி ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அதற்கு யார் சொல்வது?

2005 டிசம்பரில் சந்திரன் நூலகத்துக்கு வந்தார். வரும் ஜூனில் ரிட்டயர் ஆகவேண்டியவர். டிப்ளமோக்காரர்களை சயின்டிஸ்டாக உயர்த்த ஒரு கமிட்டி உண்டு. அவரை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள், 'உங்கள் வேலையை வெளியில் யாரும் கண்டுகொள்ளவில்லை' என்று. பிப்ரவரியில் மறுபடி உட்காரும் கமிட்டிதான் அவருக்குக் கடைசி. அது புதிதாக ஒரு காகிதம் கேட்டிருந்தது: இந்தச் சேவையின் மேற்கோள் கணக்கு.

அவர் பெயரைத் தேடினேன். ஒன்றுமே வரவில்லை. அறிக்கையின் தலைப்பைத் தேடினேன். அறுபதுக்கு மேல் மேற்கோள்கள், ஆசிரியர் ஜே. ஜோசஃபின்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தன் பெயரின் கீழ் வரிசையாக வந்த அறிக்கைகளைப் பார்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஒன்லியைப் பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். திரும்பியபோதுதான் சந்திரனின் முகம் கண்ணில் பட்டது. சிரிப்பு அப்படியே நின்றது.

"இது எப்படி சரி பண்றது, லக்ஷ்மி?" என்றார் என்னிடம்.

அந்தச் சேவைக்கு அவரே மின்னஞ்சல் அடித்தார், 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பித்து, 'ஐ ஆம் ஒன்லி தி டைப்பிஸ்ட்' என்று முடித்து. அனுப்பிய மறு நொடி, உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்துவிட்டது.

"அதுக்குள்ள படிச்சிட்டாங்களா?" என்றார் அக்கா. அவ்வளவு நம்பிக்கை.

பிறகு வேறு எந்தப் பதிலும் வரவில்லை. வந்தது ஓர் அழைப்பு. போர்ச்சுகலில் நடக்கும் நிலத்தடி நீர் மாநாட்டில் 'டாக்டர் ஜோசஃபின்' தலைமை உரையாற்ற வேண்டுமாம். "எங்க வீட்டுல கார்ப்பரேஷன் தண்ணியே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருது. நான் போயி என்னத்தப் பேச?" என்று அதற்கும் ஒழுங்காகப் பதில் போட்டார்.

நாங்களே செய்யக்கூடிய காரியம் ஒன்றுதான் இருந்தது. அக்கா அந்த அறிக்கையின் முதல் பக்கத்தைப் புதிதாக அடித்தார். சந்திரனின் பெயரைத் தலைப்புக்குக் கீழே பெரிதாகப் போட்டார், தன் பெயரை எடுத்துவிட்டார். அதில் அவருக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை. பழைய கோப்புக்குப் பதில் புதியதை வலைத்தளத்தில் ஏற்றினோம். ஆனால் எந்திரம் திரும்ப வந்து எப்போது படிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

"ஆண்டவர் வர்ற மாதிரிதான். நாளும் தெரியாது, நாழியும் தெரியாது" என்றார் அக்கா.

ஜனவரி முதல் வாரம் நிர்வாக அதிகாரி சேஷகிரி ஒரு காகிதத்தோடு வந்தார். கெட்டவர் இல்லை. படிவத்தில் இடம் இருந்தால் உயிரைக்கூடக் கொடுப்பார், இடம் இல்லாவிட்டால் ஒரு கமாவைக்கூடக் கொடுக்கமாட்டார். ஆசிரியர் பெயரில் குழப்பம் இருந்தால், பெயர் தவறாக வந்தவர் அந்தக் காகிதத்தில் கையெழுத்திட வேண்டும், கமிட்டி ஏற்றுக்கொள்ளும்.

"ஒரு சைன் மேடம். முடிஞ்சுது. சந்திரன் பாஸ்."

அக்கா படித்தார். மேற்படி ஆய்வில் எனக்கு எவ்விதப் பங்கும் இல்லை என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"இது சரியில்லையே சார்."

"என்ன சரியில்ல?"

"நான் எழுதல. அது நெஜம். பங்கே இல்லன்னு எப்படி சார் போடறது?"

"நீங்க டைப்தானே மேடம் பண்ணீங்க?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அக்கா ஒரு புதுத் தாளில் இரண்டே வரி அடித்துக் கொடுத்தார்: 'இந்த அறிக்கையை ஆராய்ந்து எழுதியவர் சந்திரன். டைப் செய்தவள் நான்.' கையெழுத்தும் போட்டார். இதைவிடத் தெளிவாக ஒருவர் என்ன சொல்ல முடியும்? ஆனால் சேஷகிரி, படிவத்தில் இருக்கும் வாக்கியத்தை மாற்ற எனக்கு அதிகாரமில்லை என்றார். கடைசிப் பக்கத்தில் சந்திரன் கையெழுத்து குத்துக்கல் மாதிரி இருக்கிறதே, அதைப் பார்க்கலாமே என்று நான் கத்தினேன். அதற்கும் அவர் அதிகாரமில்லை என்றார். எனக்கு அக்கா மேலும் கோபம்தான். ஒரு மனுஷரின் கடைசி வாய்ப்பு ஒரு வாக்கியத்தில் தொங்குகிறது, போட்டுத் தொலைக்கக் கூடாதா என்று இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர் வரும் நேரம் பார்த்து, பிரேசர் டவுன் வீட்டுக்கே போனேன். சந்திரன் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். கிறிஸ்துமஸுக்குச் செய்த கல்கல் பலகாரம் மிச்சம் இருந்தது. அவர் முன்னால் ஒரு தட்டு. தொடவே இல்லை. சேஷகிரியிடமிருந்து அந்தக் காகிதத்தை வாங்கி, மடிப்பு விழாமல் ஒரு கவரில் கொண்டு வந்திருந்தார்.

"மேடம், நான் யாருகிட்டயும் எதுவும் கேட்டதில்ல" என்று ஆரம்பித்தார். "எங்க தெருவுல என்னை போர்வெல் மேஸ்திரின்னுதான் கூப்பிடறாங்க. பரவால்ல. ஆனா ஆபீஸ்லயும் அப்படித்தான் நெனச்சிட்டிருக்காங்க. கடைசியா நாலு மாசம், சயின்டிஸ்ட்டுன்னு ஒரு போர்டு மாட்டிக்கிட்டுப் போறேன். எனக்காகப் போடுங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நானும் போடச் சொல்லித்தான் கெஞ்சியிருப்பேன்.

"சரி, கொண்டாங்க" என்றார் அக்கா.

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எந்தக் காகிதத்தையும் கையிலிருந்து விடுமுன் ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிடுவது அவர் வழக்கம். எத்தனையோ வருஷம் பிழை பார்த்துப் பார்த்து வந்தது. இதையும் படித்தார். ஆங்கிலத்தில் மெதுவாக ஒரு முறை. பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலத் தமிழில், "எனக்கு எவ்விதப் பங்கும் இல்ல." குரலில் குற்றம் சொல்லும் தொனி எதுவும் இல்லை. பேனாவைத் திறந்தார்.

சந்திரன் எழுந்து வந்து காகிதத்தை அவர் கைக்கடியிலிருந்து உருவிக்கொண்டார்.

"வேணாம் மேடம்."

"அதான் போடறேன்னு சொல்றேனில்ல?"

"வேணாம். நீங்க அடிச்சுக் குடுத்த ரெண்டு வரியே போகட்டும். நான் எழுதினேன், நீங்க டைப் பண்ணீங்க. படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு அது போதும்."

அப்புறம் ஒரு கல்கல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ஆனேக்கல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று கிளம்பிவிட்டார். அத்திபெலேக்குப் போகிறவருக்கு ஆனேக்கல் பஸ் எதற்கு என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. மனுஷர் எங்கே போகிறோம் என்றே தெரியாமல் போயிருக்கிறார்.

பிப்ரவரியில் கமிட்டி உட்கார்ந்தது. வெளியிலிருந்து வந்த மூன்று பேராசிரியர்கள். உள்ளே நடந்ததை சேஷகிரியே பிறகு நூலகத்தில் வந்து என்னிடம் சொன்னார். தலைவர் அந்த இரண்டு வரியைப் படித்தாராம். "இந்த அம்மா தனக்குப் பங்கு இல்லை என்று எழுதவில்லையே. இதில் அவருக்குப் பங்கு உண்டா?" என்று கேட்டாராம். இல்லை சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"உண்டு சார்" என்றாராம் சந்திரன். "என் நோட்டை என்னாலயே படிக்க முடியாது. மத்தவங்க படிக்கற மாதிரி பண்ணது அவங்கதான்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆசிரியர் யார் என்பதில் தெளிவில்லை, அடுத்த அமர்வில் பரிசீலிக்கலாம் என்று எழுதினார்கள். அடுத்த அமர்வு அடுத்த வருஷம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று யார் என்ன புத்தகம் கேட்டாலும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். படித்தவர்கள், மூன்று பேர், முப்பது பக்கம் தள்ளி இருக்கும் ஒரு கையெழுத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. எந்திரம் முதல் பக்கத்தோடு நின்றது என்று அதைத் திட்டி என்ன பயன்?

ஜோசஃபின் அக்காவுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. சேஷகிரியிடம் போய், அந்தப் படிவத்தைக் கொடுங்கள், இப்போதாவது போடுகிறேன் என்று நின்றிருக்கிறார். கமிட்டி கலைந்துவிட்டது, இனி அதற்கு மதிப்பில்லை என்று அவர் சொல்லிவிட்டார். சந்திரன் எதிரில் வந்தால் அக்கா வேறு பக்கம் போய்விடுவார்.

மே மாதத்தில் ஒரு நாள் தேடிப் பார்த்தேன். எந்திரம் எப்போதோ வந்து படித்துவிட்டுப் போயிருந்தது. போர்வெல் அறிக்கை சந்திரனின் பெயரில், அத்தனை மேற்கோள்களோடும், சுத்தமாக இருந்தது. டைரக்டரிடம் எடுத்துக்கொண்டு போனேன். நல்லது என்றார்.

ஜூன் முப்பதாம் தேதி சந்திரனுக்கு வழியனுப்பு விழா. சந்தன மாலை, ஒரு சுவர்க் கடிகாரம், ஆளுக்கொரு மைசூர்பாகு. 'நமது டெக்னிகல் அசிஸ்டென்ட்' என்று சேஷகிரி பதவி பிசகாமல் வாழ்த்திப் பேசினார். எல்லாரும் போன பிறகு சந்திரன் கழுத்தில் மாலையோடு கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார். பழக்க தோஷத்தில் செருப்பை வாசலில் கழற்றினார். நானும் அங்கேதான் இருந்தேன்.

அக்கா தலையைத் தூக்காமல் கேட்டார். "அன்னிக்கு ஏன் அந்தப் பேப்பரைப் புடுங்கினீங்க? நான் போடறேன்னு சொன்னேனே. சும்மா வுட்டிருந்தா இன்னிக்கு சயின்டிஸ்ட்டா போயிருப்பீங்க. கமிட்டி முன்னாடியும் எதுக்கு எனக்குப் பங்கு உண்டுன்னு சொன்னீங்க?"

சந்திரன் மானிட்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கு இதுல ஒண்ணுமே இல்லன்னு நீங்க வாய்விட்டுப் படிச்சீங்கல்ல மேடம்? முப்பது வருஷமா இந்த ஆபீஸ்ல என்னைப் பத்தி எல்லாரும் அதைத்தான் சொல்லிட்டிருந்தாங்க. அதை உங்க வாயால உங்களைப் பத்தியே சொல்ல வெச்சு, நான் அந்தப் போர்டை மாட்டிக்கணுமா?"

அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். சந்திரனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாலையைக் கழற்றி மானிட்டர் மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவரை அத்திபெலேயில் கொண்டுபோய் விட அன்றைக்கு ஏற்பாடு செய்திருந்த ஆபீஸ் வேன் வெளியே ஹாரன் அடித்தது. அவர் எழுந்துகொள்ளவில்லை.